பசுமைத் தடைகள் (சிட்னி)

பசுமைத் தடை என்பது, ஒரு கட்டுமானத் திட்டத்தால் தங்கள் குடியிருப்போ பொதுவிடமோ அழியும் என்று ஒரு பகுதி மக்கள் முறையிடும்போது, அத்திட்டத்தில் வேலை செய்யக் கட்டடத் தொழிலாளர்கள் கூட்டாக மறுப்பதாகும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தலைநகரான சிட்னியில் 1971-இல் இது தொடங்கியது. 1974-க்குள் அந்நகரில் 40-க்கும் மேற்பட்ட தடைகள் விதிக்கப்பட்டன. அவற்றால் நின்றுபோன திட்டங்களின் மதிப்பு, அன்றைய கணக்கில் 300 கோடி ஆஸ்திரேலிய டாலர் அளவில் இருக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தடைகளை விதித்தது கட்டடத் தொழிலாளர் கூட்டமைப்பின் நியூ சவுத் வேல்ஸ் கிளை. அவற்றைக் கேட்டுப் பெற்றவர்கள் அந்தந்தப் பகுதிக் குடியிருப்பாளர் குழுக்கள்.

பெயர்

ஆஸ்திரேலியத் தொழிற்சங்க வழக்கில், ஒரு முதலாளியின் வேலையைப் புறக்கணிப்பதற்குக் 'கறுப்புத் தடை' என்று பெயர். கூலி, வேலை நேரம், பாதுகாப்பு ஆகியவற்றுக்காக விதிக்கப்படுவது அது. சங்கத்தின் நலனுக்காக அல்லாமல் ஊர் நலனுக்காக விதிக்கப்படும் தடையை வேறுபடுத்திக் காட்டவே, கிளைச் செயலாளர் ஜாக் மண்டி 'பசுமைத் தடை' என்னும் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

பெயரைக் கேட்டதும் மரம், காடு ஆகியவையே நினைவுக்கு வரும். ஆனால் தடைகளில் பெரும்பாலானவை மரங்களைக் காப்பதற்காக விதிக்கப்பட்டவை அல்ல; குறைந்த வாடகையில் குடியிருந்தவர்களின் வீடுகளையும் தெருக்களையும் காப்பதற்காக விதிக்கப்பட்டவை. முதல் தடை ஒரு சிறு காட்டுக்காக விதிக்கப்பட்டதால் பெயர் அப்படி அமைந்தது பொருத்தமாகவும் போயிற்று.

பின்னணி

1960-களின் பிற்பகுதியில் சிட்னியில் அலுவலகக் கோபுரங்கள் கட்டும் வேகம் உச்சத்தில் இருந்தது. உள்நாட்டு, வெளிநாட்டுப் பணம் நிலத்தில் குவிந்தது. நகர மையத்தை ஒட்டியிருந்த ராக்ஸ், மில்லர்ஸ் பாயிண்ட், வுல்லமூலூ, கிளீப், வாட்டர்லூ போன்றவை பழைய உழைப்பாளர் குடியிருப்புகள். ஒன்றோடொன்று சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளில் துறைமுகச் சுமைதூக்குவோர், கப்பல் மாலுமிகள், ஓய்வூதியர்கள், விடுதி அறைகளில் தங்கித் தினக்கூலிக்குச் செல்வோர் ஆகியோர் வாழ்ந்தனர். அவர்களில் மிகப் பலர் வாடகைக்கு இருந்தவர்கள். வீட்டு உரிமையாளர் நிலத்தை விற்றுவிட்டால் அவர்களுக்குக் கிடைப்பது காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் மட்டுமே.

ராக்ஸ், மில்லர்ஸ் பாயிண்ட் பகுதிகளின் நிலை சற்று வேறானது. 1900-இல் சிட்னியில் பிளேக் நோய் பரவியபோது அரசு அங்கிருந்த வீடுகளையும் துறைகளையும் கையகப்படுத்திக்கொண்டது. அது முதல் அங்கு வீட்டுக்காரர் அரசாங்கமே. குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அரசுக்கு வாடகை செலுத்தி வந்தன. எனவே பிற்காலத்தில் அவர்களை வெளியேற்ற முனைந்ததும் தனியார் நிறுவனம் அன்று, அரசு அமைப்பே.

தடை எப்படி இயங்கியது

கட்டடத் தொழிலாளர் கூட்டமைப்பில் இருந்தவர்கள் கொத்தனாரோ தச்சரோ அல்லர். அஸ்திவாரம் தோண்டுபவர், சாரம் கட்டுபவர், கான்கிரீட் ஊற்றுபவர், பாரந்தூக்கியில் சுமையைப் பிணைப்பவர், பழைய கட்டடத்தை இடிப்பவர், சித்தாள் ஆகியோரே அதன் உறுப்பினர்கள். கட்டட வேலையின் படிநிலையில் இவர்கள் கீழே இருந்தவர்கள். ஆயினும் எந்தக் கோபுரமும் எழுவதற்கு முன் அங்குள்ள பழைய வீடு இடிக்கப்பட வேண்டும். அந்த வேலை இவர்களுடையது. 1970-இல் ஐந்து வாரம் நடத்திய வேலைநிறுத்தத்தில் கிளை வென்றது. கூலி உயர்ந்தது, சங்கத்தின் மீது உறுப்பினர்களின் நம்பிக்கையும் உயர்ந்தது. அந்த வலிமை இல்லாதிருந்தால் அடுத்த ஆண்டில் பிறருக்காக வேலையை மறுக்கும் துணிவு வந்திருக்காது.

கிளையின் நிர்வாகமும் கவனிக்கத்தக்கது. நிர்வாகிகளின் சம்பளம் தொழிலாளரின் கூலியளவே; வேலைநிறுத்தக் காலத்தில் அவர்களுக்கும் சம்பளம் இல்லை. ஒருவர் தொடர்ந்து பதவியில் இருக்கக் கால வரம்பு இருந்தது. அதன்படியே மண்டி, செல்வாக்கின் உச்சத்தில் இருந்த 1973-இல் செயலாளர் பதவியை விட்டு விலகினார். ஜோ ஓவன்ஸ் அப்பொறுப்பை ஏற்றார். தலைவராக இருந்தவர் பாப் பிரிங்கிள். மண்டியும் ஓவன்ஸும் ஆஸ்திரேலியப் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர்கள். உறுப்பினர்களில் புலம்பெயர்ந்தோர் மிகுதி என்பதால் கூட்டங்களில் மொழிபெயர்ப்பாளர்கள் அமர்த்தப்பட்டனர்.

தடை விதிக்கக் கிளை ஒரு நிபந்தனை வைத்திருந்தது. எந்த இடத்தைக் காக்க வேண்டும் என்பதைச் சங்கம் தானாக முடிவு செய்யாது. அப்பகுதி மக்கள் தாங்களே கேட்க வேண்டும். பொதுக்கூட்டம் கூட்டி, ஆதரவு உண்மையாகவே இருக்கிறது என்று காட்ட வேண்டும். பிறகு சங்க உறுப்பினர்களின் கூட்டத்தில் அது ஏற்கப்பட வேண்டும். இந்த ஒழுங்கினால் இரண்டு பயன்கள் விளைந்தன. அரசியல் உள்நோக்கம் என்னும் குற்றச்சாட்டுக்குச் சங்கத்திடம் விடை இருந்தது. அதைவிட முக்கியமானது, உதவி கேட்டு வருபவர்கள் முதலில் தங்கள் தெருவை ஒன்றுதிரட்டியாக வேண்டியிருந்தது. தனிமனிதராக மனுப் போட்டுக் காத்திருந்தவர்கள், சங்கத்தை அணுகும் வேளையில் குழுவாகியிருந்தனர்.

தடையின் பொருளாதாரமும் எளியதே. பெருந்திட்டங்கள் கடன் வாங்கிய பணத்தில் நடப்பவை. வாங்கிய நிலம் சும்மா கிடக்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறும். இடிக்க ஆள் கிடைக்காமல் ஓராண்டு கழிந்தாலே கணக்கு தலைகீழாகிவிடும். 1974-இல் கடன் நெருக்கடி வந்து நிலச் சந்தை சரிந்தபோது, நிறுத்தி வைக்கப்பட்டிருந்த பல திட்டங்கள் அதன்பின் எழவே இல்லை. தடையின் வெற்றியில் இந்தச் சரிவுக்கும் பங்குண்டு.

கெல்லீஸ் புஷ்

முதல் தடை உழைப்பாளர் குடியிருப்பில் பிறக்கவில்லை என்பது வியப்பானது. சிட்னியின் வசதி மிக்க புறநகரான ஹன்டர்ஸ் ஹில்லில், பாரமட்டா ஆற்றங்கரையில் எஞ்சியிருந்த சிறு இயற்கைக் காடு கெல்லீஸ் புஷ். அங்கு ஆடம்பர வீடுகள் கட்ட மாநில அரசு 1971-இல் வழிவிட்டது. அப்பகுதியைச் சேர்ந்த 13 பெண்கள் நகராட்சி, அமைச்சர், முதலமைச்சர் என எல்லாக் கதவுகளையும் தட்டியபின், வேறு வழியின்றித் தொழிற்சங்கத்தை நாடினர். சங்கம் கேட்டபடி பொதுக்கூட்டம் நடந்தது. சுமார் 600 பேர் வந்தனர். தடை விதிக்கப்பட்டது.

சங்கத்தில் சேராத ஆட்களைக் கொண்டு வேலையை முடித்துவிடலாம் என்று கட்டுமான நிறுவனம் எண்ணியது. அதே நிறுவனம் வேறோரிடத்தில் கட்டிக்கொண்டிருந்த அலுவலகக் கட்டடத்தின் தொழிலாளர்கள், கெல்லீஸ் புஷ்ஷில் ஒரு மரம் விழுந்தாலும் இந்தக் கட்டடம் பாதியிலேயே நின்றுவிடும் என்று தீர்மானம் போட்டனர். திட்டம் கைவிடப்பட்டது. 1983-இல் அவ்விடம் பொதுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ராக்ஸ்

1788-இல் ஐரோப்பியர் வந்திறங்கிய துறையை ஒட்டிய பாறைச் சரிவுதான் ராக்ஸ். அதைச் 'சீரமைக்க' மாநில அரசு 1968-இல் சட்டம் இயற்றித் தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. பழைய வீடுகளை இடித்து உயர்ந்த அலுவலகக் கட்டடங்களும் விடுதிகளும் எழுப்புவது திட்டம். அங்கு வாழ்ந்த சில நூறு வாடகைதாரர்கள் புறநகருக்கு அனுப்பப்பட இருந்தனர். புறநகர் என்றால் துறைமுக வேலையிலிருந்தும், உறவினர் வீட்டிலிருந்தும், பழகிய மருத்துவமனையிலிருந்தும் வெகுதூரம்.

நீட்டா மக்ரே என்னும் பெண்மணியின் முன்முயற்சியில் குடியிருப்பாளர் குழு உருவானது. அவர் குடும்பம் தலைமுறைகளாக ராக்ஸில் வாழ்ந்தது. குழுவின் வேண்டுகோளை ஏற்றுச் சங்கம் அங்கு தடை விதித்தது. குழு அத்துடன் நிற்கவில்லை. தொழில்முறை வல்லுநர்களின் துணையுடன், வீடுகளைப் பழுதுபார்த்து அங்கேயே மக்கள் வாழ்வதற்கான 'மக்கள் திட்டம்' ஒன்றைத் தயாரித்தது. வேண்டாம் என்று மட்டும் சொல்பவர்கள் என்ற ஏளனத்துக்கு அது விடையானது.

1973 அக்டோபரில் கருங்காலிகளைக் கொண்டு இடிப்பு வேலை தொடங்கியது. குடியிருப்பாளர்களும் தொழிலாளர்களும் அவ்விடத்தில் புகுந்து அமர்ந்தனர். போலீசார் அவர்களைத் தூக்கிச் சென்றனர். மண்டி உட்படப் பலர் கைதாயினர். மாநிலத் தேர்தல் நெருங்கியிருந்த நேரம் அது. முதலமைச்சர் ராபர்ட் ஆஸ்கின் சட்டம் ஒழுங்கை முன்வைத்து வாக்குக் கேட்டு நவம்பரில் மீண்டும் வென்றார். நகரத்துத் தெருக்களில் ஆதரவு பெற்றிருந்த இயக்கம், மாநிலம் முழுவதும் அதே ஆதரவைப் பெற்றிருக்கவில்லை என்பது அத்தேர்தலில் தெரிந்தது.

ஆயினும் ராக்ஸின் பெரும்பகுதி இடிபடவில்லை. வெளியேற வேண்டியிருந்தவர்களுக்கு அப்பகுதியிலேயே புது வீடு கட்டித்தர அரசு இணங்கியது. அப்படி எழுந்ததே சிரியஸ் கட்டடம். மாநில வீட்டுவசதி ஆணையத்தின் கட்டடக் கலைஞர் டாவோ கோஃபர்ஸ் வடிவமைத்த இதில் 79 வீடுகள் இருந்தன. கான்கிரீட் பெட்டிகளை அடுக்கியது போன்ற தோற்றம். துறைமுகப் பாலத்தை ஒட்டிய இடம். ஓப்பரா மாளிகையைப் பார்த்த சன்னல்கள். வாடகைதாரர்கள் 1980 முதல் குடியேறினர்.

விக்டோரியா தெரு

எல்லாத் தெருக்களும் இப்படிப் பிழைக்கவில்லை. கிங்ஸ் கிராஸ் பகுதியின் விக்டோரியா தெருவில், ஒரு நிறுவனம் வரிசையாக வீடுகளை வாங்கி வானுயர்ந்த கோபுரங்கள் கட்டத் திட்டமிட்டது. 1973 ஏப்ரலில், சுமார் 400 வாடகைதாரர்களுக்கு வெளியேறும்படி நோட்டீஸ் வந்தது. பெரும்பாலோர் அச்சத்தில் உடனே வெளியேறினர். எதிர்ப்புக் குழுவை முன்னின்று நடத்தியவர் கடத்தப்பட்டுச் சில நாள் கழித்துத் திரும்பினார். திரும்பியதும் ஊரைவிட்டே போய்விட்டார்.

மிக் ஃபவுலர் என்ற மாலுமி கடலிலிருந்து திரும்பியபோது தம் வீட்டுக்குள் நுழைய முடியாதபடி அடைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். மாலுமிகளும் கட்டடத் தொழிலாளர்களும் துணைவர, மீண்டும் குடிபுகுந்தார். 1976 வரை அவர் அசையவில்லை. காலியாக விடப்பட்ட மற்ற வீடுகளில் ஆதரவாளர்கள் புகுந்து வாழ்ந்தனர்; 1974 ஜனவரியில் நிறுவனத்தின் ஆட்களும் போலீசாரும் சேர்ந்து அவர்களை வெளியேற்றினர். அதே தெருவில் வாழ்ந்து, ஒரு வட்டாரப் பத்திரிகையை நடத்தித் திட்டத்தை எதிர்த்து எழுதி வந்தவர் ஜுவானிட்டா நீல்சன். 1975 ஜூலை 4 அன்று அவர் காணாமல் போனார். 1983-இல் நடந்த மரண விசாரணை, அவர் கொல்லப்பட்டிருக்கக் கூடும் என்ற முடிவுக்கு வந்தது. உடல் கிடைக்கவில்லை. கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவும் இல்லை.

திட்டம் இறுதியில் சிறுத்தது. பழைய வீடுகளின் முகப்புகள் பல எஞ்சின. அங்கே வாழ்ந்த வாடகைதாரர்கள்தான் எஞ்சவில்லை. தடையால் புல்டோசரை நிறுத்த முடிந்தது; வாடகை ஒப்பந்தத்தை எழுத முடியவில்லை. கட்டடம் தப்புவதும் குடியிருப்பவர் தப்புவதும் ஒன்றல்ல என்பதை விக்டோரியா தெருவைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

வுல்லமூலூ, ரெட்ஃபெர்ன், கிளீப்

மக்கள் தங்கிவிட்ட இடங்களைப் பார்த்தால், அங்கெல்லாம் தடை கொடுத்த அவகாசத்தில் நிலம் பொதுவுடைமைக்கோ சமூக உடைமைக்கோ மாறியிருப்பது தெரியும். 1972 டிசம்பரில் காஃப் விட்லம் தலைமையில் தொழிற்கட்சி நாட்டின் ஆட்சிக்கு வந்தது. அவரது அமைச்சரவையில் நகர வளர்ச்சித் துறையை வகித்த டாம் யூரன், உள்நகர உழைப்பாளர் குடியிருப்புகள் காக்கப்பட வேண்டும் என்னும் கருத்துடையவர். துறைமுகத்தை ஒட்டிய வுல்லமூலூவில் நாட்டரசு, மாநில அரசு, மாநகராட்சி ஆகிய மூன்றும் 1975-இல் உடன்பாடு செய்துகொண்டன. நாட்டரசின் பணத்தில் நிலம் வாங்கப்பட்டு, உயரம் குறைந்த அரசு வாடகை வீடுகள் அமைந்தன. கிளீப்பில் தேவாலய நிர்வாகத்துக்குச் சொந்தமாயிருந்த பெருந்தொகை வீடுகளை நாட்டரசு 1974-இல் வாங்கியது. ரெட்ஃபெர்னில் காலி வீடுகளில் தங்கியிருந்த பழங்குடி மக்களை வெளியேற்ற முயன்றபோது சங்கம் அங்கும் துணை நின்றது. 1973-இல் நாட்டரசின் நிதியுதவியால் அவ்வீடுகள் பழங்குடியினரின் வீட்டுவசதி நிறுவனத்துக்குச் சொந்தமாயின.

எதிர்ப்பும் முடிவும்

தேர்தலில் நிற்காத கூலித் தொழிலாளர்கள் நகரத் திட்டத்தை முடிவு செய்வதா என்று அரசும் பெரும் பத்திரிகைகளும் கேட்டன. கேள்வி நியாயமற்றதன்று. ஆனால் அன்றைய சட்டத்தில், தங்கள் வீட்டை இடிக்கும் திட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லவோ வழக்காடவோ குடியிருப்பாளருக்கு ஏறத்தாழ இடமே இல்லை. முறையான வழி இருந்து அதை மீறியவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. வேலையிழப்பு பற்றிய முணுமுணுப்பு சங்கத்துக்குள்ளும் இருந்தது. கட்டுமான வேலை நிறைந்திருந்த காலத்தில் அதைத் தாங்க முடிந்தது. 1974-இல் வேலை குறைந்ததும் தாங்குவது கடினமானது.

முடிவு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. சங்கத்தின் தேசியத் தலைமையில் இருந்த நார்ம் கேலகர், 1974-இன் பிற்பகுதியில் நியூ சவுத் வேல்ஸ் கிளையைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவரத் தலையிட்டார். புதிய நிர்வாகத்தின் அட்டை இல்லாதவர்களுக்கு வேலை கிடைக்காத நிலை ஏற்பட்டது. 1975 மார்ச்சில் பழைய தலைமை பணிந்தது. முன்னணியினர் பலர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டனர்.

ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்விகள் சட்டத்துக்குள் நுழைந்தன. 1976-இல் ஆட்சி மாறியபின் மாநிலத்தில் 1977-இல் மரபுரிமைச் சட்டமும், 1979-இல் சுற்றுச்சூழல் திட்டமிடல் சட்டமும் இயற்றப்பட்டன. திட்டங்களைப் பொதுமக்களின் பார்வைக்கு வைப்பதும் அவர்களின் ஆட்சேபங்களைக் கேட்பதும் கட்டாயமாயின. நிலம், சுற்றுச்சூழல் வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றமும் தோன்றியது.

பிற்காலம்

2014 மார்ச்சில், மில்லர்ஸ் பாயிண்ட், ராக்ஸ் பகுதிகளிலுள்ள அரசு வாடகை வீடுகளைச் சிரியஸ் கட்டடத்துடன் சேர்த்து விற்கப்போவதாக மாநில அரசு அறிவித்தது. விலை உயர்ந்த இடத்திலுள்ள வீடுகளை விற்று, வேறிடங்களில் கூடுதலான வீடுகள் கட்டலாம் என்பது அரசின் வாதம். கணக்கு மட்டும் பார்த்தால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. முதுமையில் அயலாரையே உறவாகக் கொண்டு வாழ்ந்தவர்களுக்கு அது தண்டனையாகவே இருந்தது. சிரியஸைக் காக்க மீண்டும் குழு உருவானது. கட்டடத் தொழிலாளர் சங்கம் 2016-இல் அதற்குப் பசுமைத் தடை விதித்தது. மரபுரிமைப் பட்டியலில் கட்டடத்தைச் சேர்க்க மறுத்த அமைச்சரின் முடிவு செல்லாது என்று 2017-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தனைக்கும் பிறகு வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. தொண்ணூறு வயதைக் கடந்த, பார்வை குன்றிய ஒரு மூதாட்டி கடைசியாக 2018-இல் வெளியேறினார். கட்டடம் இடிக்கப்படவில்லை, 2019-இல் 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குத் தனியாருக்கு விற்கப்பட்டு ஆடம்பர வீடுகளாக மாற்றப்பட்டது. ராக்ஸில் ஆர்கைல் தெருவின் ஒரு பகுதி இன்று ஜாக் மண்டியின் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் 2020 மே மாதம் காலமானார்.

வாட்டர்லூவின் கதை வேறு விதமாகத் திரும்பியிருக்கிறது. 1970-களில் அங்கு பழைய வரிசை வீடுகளை இடித்து அரசுக் கோபுரங்கள் எழுப்ப வீட்டுவசதி ஆணையம் முனைந்தபோது, குடியிருப்பாளர்கள் அதை எதிர்த்தனர். சங்கமும் தடை விதித்தது. சில கோபுரங்கள் அப்படியும் எழுந்தன. 2015 டிசம்பரில் மெட்ரோ ரயில் நிலையத்துடன் அப்பகுதி முழுவதையும் மறுபடி கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இம்முறை தங்கள் வீட்டைக் காக்கக் கூட்டம் போட்டவர்களில், அந்தக் கோபுரங்களின் வாடகைதாரர்களும் இருந்தனர்.